விளாதிஸ்லாவ் லிஸ்த்யெவ்: கேம் ஷோ தொகுப்பாளருக்காக ஒரு நாடே ஒளிபரப்பை நிறுத்தியது ஏன்?

கேள்வி இதுதான்: "1995-ல் ரஷ்யாவில் ஒரு டி.வி. தொகுப்பாளர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, மறுநாள் எல்லாச் சேனல்களும் நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு அவர் படத்தை மட்டும் காட்டினவாமே? சக்கரம் சுழற்றும் கேம் ஷோ நடத்தியவருக்கு ஏன் இவ்வளவு?"

விளாதிஸ்லாவ் லிஸ்த்யெவ்தான் அவர். சக்கரம் சுழற்றும் நிகழ்ச்சியை அவர் நடத்தியது ஓராண்டு மட்டுமே. அதற்கு முன்பும் பின்பும் அவர் செய்த வேலைதான் பெரிது. சோவியத் தொலைக்காட்சியில் இல்லாத நான்கு நிகழ்ச்சி வகைகளை எட்டாண்டுக்குள் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார். கடைசியில் நாட்டின் முதல் சேனலுக்கே தலைவரானார். தலைவரான ஐந்தாவது வாரத்தில் கொல்லப்பட்டார். அவரை "கொலையான தொகுப்பாளர்" என்று மட்டும் நினைவில் வைப்பது அவருக்கு இழைக்கும் அநியாயம் என்பது என் கருத்து. அவர் முதலில் ஒரு தயாரிப்பாளர். எந்த நிகழ்ச்சி யாருக்குப் பொருந்தும், எப்போது தான் விலகி இன்னொருவரை நிறுத்த வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தவர்.

பிறந்தது 1956 மே 10, மாஸ்கோவில். பெற்றோர் சாதாரணத் தொழிலாளர் குடும்பத்தவர்கள். படித்தது ஸ்னாமென்ஸ்கி சகோதரர்கள் பெயரிலான விளையாட்டு உறைவிடப் பள்ளியில். ஓட்டப்பந்தயம்தான் அவருடைய துறை, குறிப்பாக 1000 மீட்டர். ராணுவச் சேவையை மாஸ்கோவுக்கு அருகில் தமான் டிவிஷனில் முடித்துவிட்டு, மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறையில் சேர்ந்தார். 1982-ல் பட்டம் பெற்றதும் வேலை கிடைத்த இடம் அரசு வானொலி தொலைக்காட்சிக் குழுவின் வெளிநாட்டு ஒலிபரப்புப் பிரிவு. தமிழ்நாட்டில் சிற்றலையில் "மாஸ்கோ வானொலி"யின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டவர்கள் உண்டு அல்லவா, அதே அமைப்புதான்.

இந்த வேலை சாதாரணமானதாகத் தெரியலாம். ஆனால் பின்னால் நடந்தவற்றுக்கு இதுதான் அடித்தளம். உள்நாட்டு நேயருக்கு அறிக்கை வாசித்தாலே போதும், அவர் வேறு எங்கே போவார்? வெளிநாட்டு நேயர் பிடிக்கவில்லை என்றால் அடுத்த நிமிடமே அலைவரிசையை மாற்றிவிடுவார். அவரைப் பிடித்து வைக்கும் பேச்சு வேண்டும். மேற்கத்திய வானொலிகள் எப்படிப் பேசுகின்றன, நிகழ்ச்சியை எப்படி அடுக்குகின்றன என்பதும் அந்தப் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும். லிஸ்த்யெவுடன் பின்னால் திரையில் தோன்றிய அலெக்சாந்தர் லியுபீமவ், த்மீத்ரி ஸக்காரவ் ஆகியோரும் அங்கிருந்து வந்தவர்களே.

1987-ல் சோவியத் அரசு பி.பி.சி., வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஆகியவற்றின் ரஷ்ய ஒலிபரப்புகளை அலைக்குறுக்கீடு செய்து மறைப்பதை நிறுத்தியது. அப்படியானால் இளைஞர்கள் இரவில் எதைக் கேட்பார்கள்? அவர்களை டி.வி. முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. மத்தியத் தொலைக்காட்சியின் இளைஞர் பிரிவுக்கு அப்போது எதுவார்த் சகலாயெவ் தலைவர். அவரும் அனத்தோலி லிசென்கோவும் சேர்ந்து வடிவமைத்த நிகழ்ச்சிதான் "விஸ்க்லியாத்", அதாவது "பார்வை". 1987 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை இரவு முதல் ஒளிபரப்பு.

அந்த அரங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதுவரை சோவியத் அறிவிப்பாளர் என்றால் கோட்டு, டை, மேசை, கையில் தணிக்கை முத்திரை விழுந்த தாள். "விஸ்க்லியாத்" அரங்கை ஒரு மாஸ்கோ அடுக்ககத்து வீட்டைப் போல அமைத்தார்கள். சோவியத் நாட்டில் மனம்விட்டு அரசியல் பேசும் இடம் வீட்டுச் சமையலறை மேசைதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மேசையை அப்படியே கேமராவுக்கு முன்னால் போட்டார்கள். தொகுப்பாளர்கள் ஒருவரல்ல, மூன்று நான்கு பேர். ஸ்வெட்டரும் ஜீன்ஸும் போட்டிருப்பார்கள், ஒருவர் பேச்சை மற்றவர் இடைமறிப்பார். பத்து நிமிடம் ஒரு செய்திப்படம், அதைப் பற்றிப் பேச்சு, நடுவில் ஒரு ராக் பாட்டு, மறுபடியும் பேச்சு. கனமான விஷயத்துக்கும் அடுத்த கனமான விஷயத்துக்கும் இடையே பாட்டு வந்ததால், நேரம் போவது தெரியாமல் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆஃப்கன் போர், ராணுவ முகாம்களில் புதியவர்களை வதைப்பது, போதைப்பொருள், கட்சிக்காரர்களின் சலுகைகள் என்று அதற்கு முன் திரையில் வராத பேச்செல்லாம் இந்த வழியில்தான் வந்தது.

நேரலை என்பதால் ஆபத்தும் அதிகம். 1989 ஏப்ரலில், லெனின் பிறந்த நாளுக்கு முந்தைய இரவு, நாடக இயக்குநர் மார்க் ஸக்காரவ் இந்த மேசையில் உட்கார்ந்து, லெனினின் உடலைக் காட்சியிலிருந்து எடுத்து மனிதருக்குரிய முறையில் அடக்கம் செய்ய வேண்டும் என்றார். கட்சி மேலிடம் கொதித்தது. பதிவு செய்த நிகழ்ச்சி என்றால் வெட்டியிருப்பார்கள், நேரலையில் வெட்ட முடியாது. அதிகாரிகளுக்குப் பாக்கி இருந்த ஒரே வழி நிகழ்ச்சியையே நிறுத்துவது. 1990 டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் ஷெவர்த்நாத்சே பதவி விலகியதைப் பற்றிய பகுதிக்கு அனுமதி மறுத்தார்கள். 1991 ஜனவரியில் "விஸ்க்லியாத்" முடக்கப்பட்டது. அப்போது அரசு வானொலி தொலைக்காட்சிக்குத் தலைவர் லியோனித் கிராவ்சென்கோ. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்றது. தடையும் அதோடு போனது.

இந்தக் குழுவில் லிஸ்த்யெவின் இடம் என்ன? லியுபீமவ், அலெக்சாந்தர் பொலித்கோவ்ஸ்கி, விளாதிமிர் முகூசெவ் மூவரும் 1990-ல் ரஷ்ய மக்கள் பிரதிநிதிகளாகத் தேர்தலில் வென்றார்கள். லிஸ்த்யெவ் அந்தப் பக்கம் போகவில்லை. அடர்ந்த மீசை, கண்ணாடி, தணிந்த குரல். சண்டைக்கு நிற்பவராக அல்ல, எதிரில் இருப்பவரைப் பேச வைப்பவராகத்தான் அவர் திரையில் தெரிந்தார். அரசியல் பேச்சால் மட்டும் ஒரு சேனலை நடத்த முடியாது, குடும்பத்தோடு பார்க்க ஏதாவது வேண்டும் என்பதை அந்தக் குழுவிலேயே முதலில் உணர்ந்தவர் அவர் என்று அடுத்து அவர் செய்த காரியங்களைப் பார்த்தால் சொல்லலாம்.

1990-ல் குழுவினர் "வித்" என்ற தனித் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நிகழ்ச்சி முடிவில் கருந்திரையில் தோன்றும் அதன் சின்னம், தலையில் மூன்று கால் தேரைத் தவளை அமர்ந்திருக்கும் ஒரு சீன ஞானியின் முகமூடி. லிஸ்த்யெவின் மனைவி அல்பினா நஸீமவா கலைப்பொருள்களைச் சீரமைப்பவர், கீழைக்கலை அருங்காட்சியகத்தில் இருந்த சிலையிலிருந்து அந்த முகம் எடுக்கப்பட்டது. 90-களில் வளர்ந்த ரஷ்யக் குழந்தைகள் அதைப் பார்த்துப் பயந்த கதைகள் இன்றும் இணையத்தில் சுற்றுகின்றன.

"வித்" செய்த முதல் பெரிய காரியம் 1990 அக்டோபரில் வந்த "போலே சுதேஸ்", அதாவது "அற்புத வயல்". அமெரிக்காவின் "வீல் ஆஃப் ஃபார்ச்சூன்" பார்த்து லிஸ்த்யெவும் லிசென்கோவும் யோசித்தது இது. ஆனால் அப்படியே நகலெடுத்திருந்தால் சோவியத் நாட்டில் ஓடியிருக்காது. அவர்கள் என்னென்ன மாற்றினார்கள் என்பதைக் கவனித்தால் லிஸ்த்யெவின் தொழில்திறமை விளங்கும்.

அமெரிக்க நிகழ்ச்சியில் மூன்று போட்டியாளர்கள், பலகையில் ஒரு சொற்றொடர், உயிரெழுத்தைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும், சக்கரத்தில் இருப்பதும் டாலர். மாஸ்கோவில் ஒன்பது பேர். மும்மூன்று பேராக மூன்று சுற்று, சுற்றுக்கு ஒருவர் வென்று இறுதிச்சுற்றுக்கு வருவார்கள். சொற்றொடருக்குப் பதில் ஒரே ஒரு சொல். அதற்கு முன் தொகுப்பாளர் ஒரு கேள்வி கேட்பார், அந்தச் சொல்தான் அதற்கு விடை. ரஷ்ய எழுத்துகள் 33, எதை வேண்டுமானாலும் சொல்லலாம், விலை இல்லை. சக்கரத்தில் பணத்துக்குப் பதில் புள்ளிகள். சொன்ன எழுத்து சொல்லில் இரண்டு இடத்தில் வந்தால் புள்ளி இரண்டு மடங்கு. "பூஜ்யம்" வந்தால் முறை அடுத்தவருக்குப் போகும், "திவால்" வந்தால் சேர்த்தது அத்தனையும் போகும், "கூட்டல்" வந்தால் விரும்பிய இடத்து எழுத்தைத் திறக்கச் சொல்லலாம்.

இந்த மாற்றங்களுக்குக் காரணம் உண்டு. கேள்வி இருப்பதால் வீட்டில் இருப்பவர்களும் எழுத்து திறக்கும் முன்பே விடையை ஊகிக்கலாம். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து விளையாடும் நிகழ்ச்சியாக அது ஆனது இதனால்தான். ஒன்பது பேர் என்பதால் நாட்டின் ஒன்பது ஊர்களிலிருந்து ஆள் வரலாம். புள்ளி என்பதால் பணமே இல்லாத அரசுத் தொலைக்காட்சி பொருளாகப் பரிசு தரலாம். 1990-ல் சோவியத் கடைகளில் அலமாரிகள் காலி. சாதாரண வீட்டு உபயோகப் பொருளுக்கே மாதக்கணக்கில் பதிவு செய்து காத்திருக்க வேண்டிய காலம். அந்த நேரத்தில் திரையில் ஒருவர் சக்கரம் சுழற்றி அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்றால் பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இந்த வகை நிகழ்ச்சியில் தவறு நேர்வது பெரும்பாலும் கேள்வியில்தான். ஒரே கேள்விக்கு இரண்டு விடை பொருந்தினால் ஆட்டம் சிக்கும். அதனால் எழுத்துகளின் எண்ணிக்கையையும் சேர்த்து வைத்துக் கேள்வி எழுத வேண்டும். சொல் மிகச் சிறியதாக இருந்தால் இரண்டே சுழற்சியில் சுற்று முடிந்துவிடும், மற்ற இருவரும் வாயே திறக்காமல் வீட்டுக்குப் போவார்கள். அரிய சொல்லாக இருந்தால் எழுத்து முழுக்கத் திறந்த பிறகும் யாருக்கும் புரியாது.

ஓராண்டு நடத்திவிட்டு, 1991 நவம்பரில் லிஸ்த்யெவ் அதை லியோனித் யகுபோவிச்சிடம் கொடுத்தார். தொலைக்காட்சி உலகில் மிக அரிதான செயல் இது. நாடே பார்க்கும் நிகழ்ச்சியின் முகமாக இருப்பவர், உச்சத்தில் இருக்கும்போது தன் இடத்தை இன்னொருவருக்குத் தருவதில்லை. லிஸ்த்யெவ் சக்கரத்தருகே நின்றால் நிகழ்ச்சி விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் அவர் ஒரு பத்திரிகையாளர், விதியைச் சரியாக நடத்துபவர். யகுபோவிச் மேடை நகைச்சுவை எழுதியவர், ஏலம் நடத்தியவர். ஏல அனுபவம் எங்கே உதவியது என்றால் "பரிசு" என்ற கட்டத்தில். சக்கரம் அங்கே நின்றால் போட்டியாளருக்கு இரண்டு வழி: கறுப்புப் பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்திலிருந்து விலகலாம், அல்லது தொடர்ந்து ஆடலாம். பெட்டியில் கார் சாவியும் இருக்கலாம், முட்டைகோஸும் இருக்கலாம். யகுபோவிச் பேரம் பேசுவார், பணத்தை ஏற்றுவார், பார்வையாளர்கள் "பரிசு! பரிசு!" என்று கத்துவார்கள், போட்டியாளர் திணறுவார். அந்த மூன்று நிமிடம்தான் பல வாரங்களில் நிகழ்ச்சியின் உயிர்.

சூப்பர் ஆட்டமும் இதே மாதிரிதான். இறுதியில் வென்றவர் புள்ளிகளுக்குப் பரிசுகளைத் தேர்ந்தெடுத்து முடித்ததும், எல்லாவற்றையும் பணயம் வைத்து இன்னொரு சொல் ஆடுகிறாரா என்று கேட்பார்கள். யோசிக்க ஒரு நிமிடம். தோற்றால் வென்ற பொருள்கள் கைவிட்டுப் போகும். போட்டியாளர்கள் சொந்த ஊர் ஊறுகாய், ஜாம், தேன், கைவினைப் பொருள், சீருடை என்று தொகுப்பாளருக்குக் கொண்டுவருவதும் யகுபோவிச் காலத்தில் வேரூன்றிய வழக்கம். வந்த பரிசுகள் குவிந்து, மாஸ்கோவின் வேதென்ஹா கண்காட்சி வளாகத்தில் தனி அருங்காட்சியகமே வைத்தார்கள். லிஸ்த்யெவ் ஓராண்டு நடத்திய நிகழ்ச்சியை யகுபோவிச் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார் என்றால், ஆள் தேர்வு எவ்வளவு சரி என்று பாருங்கள்.

அடுத்து 1992-ல் "தேமா", அதாவது "தலைப்பு". ரஷ்யாவின் முதல் முழுமையான டாக் ஷோ இதுதான். இதற்கு ஒரு முன்னோடி இருந்தது. 1985, 1986-ல் விளாதிமிர் போஸ்னரும் அமெரிக்கத் தொகுப்பாளர் ஃபில் டோனஹியூவும் செயற்கைக்கோள் வழியே லெனின்கிராடையும் அமெரிக்க நகரங்களையும் இணைத்துப் பொதுமக்களைப் பேச வைத்தார்கள். ஆனால் அவை அவ்வப்போது வந்த சிறப்பு நிகழ்ச்சிகள். லிஸ்த்யெவ் அதை வாரந்தோறும் வரும் வடிவமாக்கினார். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு தலைப்பு. எதிரெதிர்க் கருத்து உள்ள விருந்தினர்கள். தொகுப்பாளர் உட்காருவதில்லை, மைக்கைக் கையில் பிடித்துப் பார்வையாளர் வரிசைகளுக்குள் நடந்துகொண்டே இருப்பார்.

இதில் மைக் யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். பார்வையாளரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டால் அவர் சொற்பொழிவைத் தொடங்கிவிடுவார், திரும்பப் பிடுங்கினால் மரியாதையாக இருக்காது. தொகுப்பாளரே பிடித்துக்கொண்டு அவர் வாயருகே நீட்டினால், போதும் என்று தோன்றும்போது ஓரடி நகர்ந்தாலே பேச்சு முடியும். எழுபது ஆண்டுகள் கூட்டங்களில் கைதட்டிப் பழகிய மக்கள் பொது இடத்தில் தங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டதில் இந்த நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன். பிறகு இதையும் வேறு தொகுப்பாளர்களிடம் ஒப்படைத்தார்.

1994 மே 30-ல் "சாஸ் பீக்" தொடங்கியது, அதாவது "நெரிசல் நேரம்". இது லாரி கிங்கின் அமெரிக்க நேர்காணல் நிகழ்ச்சி பாணி. தோளில் சஸ்பெண்டர் பட்டையும் அங்கிருந்து வந்ததுதான். மாலையில் வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளை, அரைமணிக்கும் குறைவான நேரம், ஒரே ஒரு விருந்தினர். அரசியல்வாதி, நடிகர், விளையாட்டு வீரர் என்று யாரும் வரலாம். வார நாள் நிகழ்ச்சி என்பதால் நடத்துபவருக்குத் தயாராக நேரம் கிடையாது. அதனால் விருந்தினர் பேச்சிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்க வேண்டும். லிஸ்த்யெவின் கேள்விகள் குட்டையானவை. தன் கருத்தை முதலில் சொல்லிவிட்டு "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று முடிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

இனி, அவர் உயிரைப் பறித்த சூழலுக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள, அன்றைய முதல் சேனலான ஒஸ்தான்கினோவில் பணம் எப்படி ஓடியது என்று தெரிய வேண்டும்.

சேனல் அரசுடையது, நாடு முழுக்கப் பதினொரு நேர மண்டலங்களுக்கு ஒளிபரப்பும் பொறுப்பு அதற்கு. ஆனால் அரசிடம் பணம் இல்லை. நிகழ்ச்சி தயாரிப்பவர்களுக்குக் காசு தர முடியாததால், அதற்குப் பதில் அந்த நிகழ்ச்சியில் வரும் விளம்பர நிமிடங்களைக் கொடுத்தார்கள். தயாரிப்பாளர் அதை விளம்பர முகவரிடம் விற்பார். முகவர் வாடிக்கையாளரிடம் இன்னும் கூடுதல் விலைக்கு விற்பார். சேனல் வழியாக ஓடும் பணத்தில் சேனலின் கல்லாவுக்கு வருவது கொஞ்சமே. கோபுரம், செயற்கைக்கோள், ஊழியர் சம்பளம் எல்லாம் கடன். இதற்கு மேல், செய்தி போலவும் பேட்டி போலவும் வேடமிட்ட கட்டண விளம்பரங்கள் வேறு. அந்தக் காசு நேராகத் தனியாள் பையில் விழும். சேனல் ஏழையாகவும் அதைச் சுற்றி இருந்தவர்கள் பணக்காரர்களாகவும் ஆனது இப்படித்தான். 1994-ல் பெரிய விளம்பர முகவர்கள் ஒன்றுசேர்ந்து சேனலின் நிமிடங்களை மொத்தமாக விற்கத் தொடங்கினார்கள். அப்போதும் சாவி முகவர்கள் கையில்தான்.

1994 நவம்பர் இறுதியில் அதிபர் யெல்த்சின் ஆணையிட்டு, முதல் சேனலை ஓ.ஆர்.டி., அதாவது "ரஷ்யப் பொதுத் தொலைக்காட்சி" என்ற பங்கு நிறுவனமாக மாற்றினார். 51 சதவீதம் அரசுக்கு, 49 சதவீதம் தனியார் வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும். தனியார் பக்கத்தில் செல்வாக்கு மிகுந்தவர் தொழிலதிபர் பரீஸ் பெரெஸோவ்ஸ்கி. 1995 ஜனவரி 25-ல் லிஸ்த்யெவ் இதன் தலைமை இயக்குநர் ஆனார். அவரிடம் திட்டம் இருந்தது: சேனல் நிகழ்ச்சிகளைத் தயாரிப்பாளர்களிடமிருந்து பணம் கொடுத்து வாங்க வேண்டும், விளம்பர நிமிடம் சேனலுக்கே சொந்தமாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 20-ல் அந்த அறிவிப்பு வந்தது. புதிய சேனல் ஏப்ரல் 1-ல் ஒளிபரப்பைத் தொடங்கும். விளம்பரத்துக்கான புதிய நெறிமுறைகள் தயாராகும்வரை அதில் விளம்பரமே இருக்காது. ஏன் ஒரேயடியாக நிறுத்த வேண்டும், படிப்படியாக மாற்றலாமே என்று கேட்கலாம். பழைய ஒப்பந்தங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய விற்பனை முறையைக் கொண்டுவந்தால், ஒரே நிமிடத்தை இருவர் விற்பார்கள், வழக்கும் தகராறும் தீராது. குழாயை ஒருமுறை மூடித்தான் புதிதாகத் திறக்க முடியும். ஆனால் மூடியிருக்கும் காலத்தில் முகவர்களுக்கு வருமானம் அறவே நிற்கும், சேனலுக்கும் நிற்கும், பங்குதாரர்கள் கைக்காசு போட வேண்டும். யாருக்கும் உடனடி லாபம் இல்லாத முடிவு.

ஒன்பது நாள் கழித்து, 1995 மார்ச் 1 புதன்கிழமை இரவு, "சாஸ் பீக்" முடித்து நோவகுஸ்னேத்ஸ்கயா தெருவில் இருந்த தன் வீட்டுக்கு லிஸ்த்யெவ் திரும்பினார். கட்டடத்தின் நுழைவாயில் படிக்கட்டில் சுட்டார்கள். ஒரு குண்டு கையில், ஒன்று தலையில். அவரிடம் இருந்த பணமும் விலையுயர்ந்த பொருள்களும் அப்படியே இருந்தன. கொள்ளை அல்ல என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது. வயது 38.

மறுநாள் ரஷ்யச் சேனல்கள் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்தின. திரையில் அவர் படம், கீழே "விளாதிஸ்லாவ் லிஸ்த்யெவ் கொல்லப்பட்டார்" என்ற வரி. யெல்த்சினே ஒஸ்தான்கினோ தொலைக்காட்சி மையத்துக்கு வந்து ஊழியர்கள் முன் பேசினார். மாஸ்கோ தலைமை வழக்கறிஞர் கென்னாதி பொனமர்யோவ், காவல் தலைவர் விளாதிமிர் பன்க்ராத்தவ் இருவரையும் பதவியிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். மார்ச் 4-ல் வகான்கோவோ கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அஞ்சலி செலுத்த வந்தவர்களின் வரிசை ஒஸ்தான்கினோவில் வெகுதூரம் நீண்டது.

விசாரணை பற்றிக் கவனமாகப் பேச வேண்டும். பெயர்கள் பல அடிபட்டன, விளம்பரப் பணமே காரணம் என்பதுதான் அன்று முதல் பரவலான கருத்து. ஆனால் இந்தக் கொலைக்காக இன்றுவரை யாரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. 2009-ல் விசாரணை நிறுத்திவைக்கப்பட்டது. 1996 டிசம்பரில் "ஃபோர்ப்ஸ்" இதழ் பெரெஸோவ்ஸ்கியை இதோடு சேர்த்துப் பேசும் கட்டுரை வெளியிட்டது. அவர் லண்டனில் வழக்குப் போட்டார், இங்கிலாந்தில் வழக்கு நடத்தலாமா என்ற கேள்வியே அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. 2003-ல் சமரசம். அவர் கொலைக்குப் பொறுப்பு என்று சொல்வது தங்கள் நோக்கமல்ல, அதற்கு ஆதாரமும் இல்லை என்று இதழ் ஒப்புக்கொண்டது. ஆகவே "இன்னார்தான் செய்தார்" என்று அடித்துச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள்.

ஏப்ரல் 1-ல் ஓ.ஆர்.டி. தொடங்கியது. விளம்பரத் தடை உண்மையிலேயே அமலானது, சில மாதங்களில் விளம்பரம் திரும்பியது. "வித்" நிறுவனத்துக்கு "மத்தாதோர்" நிகழ்ச்சி செய்துகொண்டிருந்த கான்ஸ்தந்தீன் எர்ன்ஸ்த் அந்த ஆண்டே சேனலின் தலைமைத் தயாரிப்பாளர் ஆனார், 1999-ல் தலைமை இயக்குநர். அதே சேனல்தான் 2002 முதல் "முதல் சேனல்" என்ற பெயரில் இயங்குகிறது. தயாரிப்பாளரிடமிருந்து சேனல் நிகழ்ச்சி வாங்குவது, விளம்பரத்தைச் சேனலே கட்டுப்படுத்துவது ஆகிய இரண்டும் பிறகு அங்கே நடைமுறைக்கு வந்தன. ஆனால் லிஸ்த்யெவ் கொண்டுவந்த நேரலை விவாதத்தின் துணிச்சல் அதே திரையில் தங்கவில்லை என்பதுதான் வருத்தம்.

அவரைப் பற்றி இணையத்தில் தேடும்போது சில குழப்பங்கள் வரும். "உகதாய் மெலோதியு" என்ற பாட்டுக் கண்டுபிடிப்பு நிகழ்ச்சியை அவர் நடத்தியதாகச் சிலர் எழுதுகிறார்கள். திட்டமிட்டதும் வால்திஸ் பெல்ஷைத் தொகுப்பாளராகப் பிடித்ததும் அவர்தான், ஆனால் அது ஒளிபரப்பானது அவர் இறந்த ஒரு மாதம் கழித்து, 1995 ஏப்ரல் 1-ல். "சாஸ் பீக்" அவரோடு முடியவில்லை, அந்த்ரேய் ரஸ்பாஷ் உள்ளிட்ட வேறு தொகுப்பாளர்களுடன் 1998 வரை போனது. "விஸ்க்லியாத்" 1994-ல் மறுபடி தொடங்கியபோது முக்கியத் தொகுப்பாளர் லியுபீமவ். 1996 முதல் சில ஆண்டுகள் உடன் உட்கார்ந்தவர் நடிகர் செர்கேய் பத்ரோவ் ஜூனியர். 1987-ல் தொடங்கியதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பழைய பதிவுகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் பார்க்கலாம். 1988, 1989-ன் "விஸ்க்லியாத்" ஒன்றையும், 1990-ன் "போலே சுதேஸ்" ஒன்றையும், 1994-ன் "சாஸ் பீக்" ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். கடைசியதில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, லிஸ்த்யெவ் எத்தனை நொடி பேசுகிறார், விருந்தினர் எத்தனை நொடி பேசுகிறார் என்று ஐந்து நிமிடத்துக்கு மட்டும் கணக்கெடுத்தாலே போதும், நேர்காணல் நடத்த ஆசைப்படும் யாருக்கும் பாடம் அதில் இருக்கிறது.